மிஞ்சியதை யார் சாப்பிடுவது?

 

நம் நாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது என்றும், அதில் ஏறத்தாழ 4,000 டன் இன்னும் சாப்பிடக்கூடியது என்றும் எஸ்.டபிள்யூ. கார்ப் சில ஆண்டுகளுக்கு முன் கணக்குச் சொன்னது. நோன்பு மாதத்தில் இது குறைய வேண்டும், கூடுகிறது.

அஸருக்குப் பிறகு வெறும் வயிற்றோடு ரமலான் பஸாருக்குப் போகிறோம். கண் கேட்டதையெல்லாம் கை வாங்குகிறது. நோன்பு திறந்து, பேரீச்சம்பழமும் ஒரு கோப்பைக் கஞ்சியும் உள்ளே போனதும் வயிறு போதும் என்கிறது. முர்தபாவும் ஆயாம் பெர்சிக்கும் ஃபிரிட்ஜுக்குப் போகின்றன.

பிறகு? சஹருக்கு எல்லாருக்கும் புதிதாகச் சமைத்துக் கொடுத்துவிட்டு, உம்மா மட்டும் பழைய ஆணத்தைச் சாப்பிடுகிறார். இதைச் சிக்கனம் என்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கீழக்கரை, காயல்பட்டினத்து விருந்துகளில் சஹன் வைப்பார்கள். ஒரே தட்டைச் சுற்றிப் பலர். குறைவாக வைத்து, வேண்டுமானால் மறுபடி போடலாம். மிஞ்சியதையும் சஹருக்கு அதே சஹனில் சூடாக்கி வையுங்கள், வாப்பாவும் பிள்ளைகளும் கை வைக்கட்டும். பஸாருக்கு, ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தவர் மட்டும் போகட்டும்.

கல்யாண விருந்தைப் பற்றித் தொடங்கினால் இஷா ஆகிவிடும். அது இன்னொரு நாளைக்கு.