தரங்கம்பாடி மணலில் ஒரு மாணவர்



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘அயல்நாட்டுச் சமயப் பயணமும் அகத்தேடலும்’ என்பது. தலைப்பு கடல்போல் விரிந்தது. எனக்குள்ள நேரமோ நாழிகைக் கணக்கினது. ஆகவே ஒரே ஒரு பயணியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய இளைஞர் அவர்.

சீகன்பால்கு என்றவுடனே ‘தமிழ் அச்சின் தந்தை’ என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது சரியன்று. அவருக்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்பே, 1578இல், அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. மற்றொரு சாரார் ‘மதம் மாற்ற வந்தவர்தாமே’ என்று இரண்டு சொற்களில் அவரை முடித்துவிடுவர். அதுவும் முழு உண்மையன்று. இவ்விரு குரல்களுக்கும் இடையே சிக்கிக் காணாமற்போன ஒருவரையே நான் இன்று உங்கள்முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் ஒரு மாணவர்.

சாக்சனி நாட்டில் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682இல் பிறந்தவர் சீகன்பால்கு. இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். ஹாலே நகரில் பிராங்கே என்னும் இறையியல் அறிஞரிடம் பயிலச் சென்றவர், உடல்நலம் குன்றியமையால் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. தாம் எதற்குப் பயன்படுவோம் என்ற ஐயம் அவரை விடாது துரத்தியது. அக்காலத்தில் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக், தம் ஆட்சிக்குட்பட்ட அயல்நாட்டுப் பகுதிகளுக்கு இறைபணியாளரை அனுப்ப விரும்பினார். தம் நாட்டில் தக்கவர் கிடைக்காமையால் ஜெர்மனியில் தேடினர். சீகன்பால்கும் அவர்தம் தோழர் புளூட்சோவும் இசைந்தனர். எங்கே போகப்போகிறோம் என்பதுகூட அவர்களுக்குத் தொடக்கத்தில் தெளிவாக இருக்கவில்லை. வாழ்வின் நோக்கம் தெளிந்து புறப்பட்டவர்கள் அல்லர். புறப்பட்டால் தெளியும் என்று நம்பிப் புறப்பட்டவர்கள். 1705 நவம்பரில் கப்பலேறி ஏழு திங்களுக்கு மேல் கடலில் கழித்தனர்.

தரங்கம்பாடி அன்று டேனிஷ் வணிகக் குழுமத்தின் கையில் இருந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்த உடன்படிக்கையின்படி பெற்ற ஊர். டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி அங்கே நிற்கிறது. மிளகும் துணியும் வாங்க வந்த வணிகர்க்கு, மன்னர் அனுப்பிய இவ்விரு மறைப்பணியாளர் வேண்டாத விருந்தினர். தளபதி ஹாசியஸ் முகம் கொடுக்கவில்லை. தங்க இடமும் எளிதில் வாய்க்கவில்லை. தம் மதத்தவரே புறக்கணித்த அந்நிலையில், அவருக்குத் திறந்த முதற்கதவு ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் கதவு. இதனை நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

எழுபது வயதை எட்டிய ஒரு கணக்காயர், தம் பள்ளிக்கூடத்தையே சீகன்பால்கு தங்கியிருந்த இல்லத்திற்கு மாற்றிக்கொள்ள இசைந்தார். சிறு பிள்ளைகள் தரையில் வரிசையாக அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதினர். அவ்வரிசையில், உலகுக்கே போதிக்க வந்த இருபத்து நான்கு வயது ஐரோப்பியரும் சம்மணமிட்டு அமர்ந்தார். பிள்ளைகள் உரக்கச் சொல்ல அவரும் உரக்கச் சொன்னார். பிள்ளைகள் எழுத அவரும் எழுதினார். அந்தப் பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்களா? நான் இருபதாண்டுகளாக வகுப்பறையில் நிற்பவள். கட்டாயம் சிரித்திருப்பார்கள் என்று துணிந்து சொல்வேன்.

எழுத்தறிவு மட்டும் போதவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. அப்போது வந்து சேர்ந்தவர் அழகப்பன். வணிகக் குழுமத்தில் முன்பு மொழிபெயர்ப்பாளராய்ப் பணியாற்றியவர். போர்த்துக்கீசியமும் டேனிஷும் ஜெர்மனும் அறிந்தவர். முதியவர் எழுத்துக்குக் கை கொடுத்தார். அழகப்பன் பொருளுக்குக் கண் கொடுத்தார். சீகன்பால்குக்கு நினைவுச் சின்னங்கள் உண்டு. அந்த முதியவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பயின்ற முறையை அவருடைய மடல்களே விரிக்கின்றன. காலை ஏழு மணிமுதல் எட்டு மணிவரை முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் ஓதிப்பார்ப்பது. எட்டிலிருந்து நண்பகல்வரை, முன்பு படித்தறியாத ஏடுகளைப் படிப்பது; அருகில் ஒரு புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பர். பிற்பகலிலும் ஏடுதான். இரவில் கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்று வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது. தம் பேச்சும் எழுத்தும் எவருடைய நடையைப் போல அமைய வேண்டுமென விரும்பினாரோ, அந்நூல்களை மீண்டும் மீண்டும் பயின்றார். சில ஆண்டுகளிலேயே அவர் தொகுத்த சொற்பட்டியல் இருபதினாயிரத்தைத் தொட்டது. முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளர் எனக்கு விதித்த கால அட்டவணை இதில் பாதி கடுமையுடையது அன்று. அதற்கே நான் முணுமுணுத்தேன்.

வந்து இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்க அட்டவணை எழுதினார். அதில் நூற்றுப் பத்தொன்பது தமிழ் நூல்கள் இடம்பெற்றன. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது, யார் படிக்கிறார்கள், பள்ளிகளில் பயிலப்படுகிறதா என்றெல்லாம் குறித்து வைத்தார். இன்று தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர்க்கு, 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சோழநாட்டுக் கடற்கரையூர் ஒன்றில் எவ்வெச் சுவடிகள் வழக்கில் இருந்தன என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திண்ணையில் பிள்ளைகளோடு பிள்ளையாய் ஓதிய நூல்கள் ஆதலின், இவற்றை அவர் முதலில் எடுத்துக்கொண்டது இயல்பே.

அம்மொழிபெயர்ப்புக்கு அவர் எழுதிய முன்னுரையே என் பேச்சின் உயிர்நிலை. ஐரோப்பியர் பலர் இம்மக்களைக் கல்வியும் ஒழுக்கமும் அற்ற முரடர் என எண்ணுகின்றனர். மொழி அறியாமையே இதற்குக் காரணம். வந்த புதிதில் தாமும் அவ்வாறே எண்ணியதாகவும், இம்மொழிக்கு முறையான இலக்கணம் இருக்கும் என்றே கருதவில்லை என்றும் வெளிப்படையாக எழுதுகிறார். ஏடுகளைப் படிக்கப் படிக்க அவ்வெண்ணம் கழன்று விழுந்தது. இருள் போக்க வந்தவர், இங்கே முன்பே ஏற்றியிருந்த விளக்குகளைக் கண்டார். சிவவாக்கியர் பாடல்களில் உருவ வழிபாட்டைச் சாடும் குரலைக் கேட்டபோது அவர் வியப்பு எல்லை கடந்தது. தம் எழுத்துகளில் அவரைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறார்.

அப்படியானால் அவருடைய நம்பிக்கை தளர்ந்ததா? இல்லை. கவிஞர் பெருமக்கள் சிலர் இவ்விடத்தில், சீகன்பால்கு உள்ளத்தால் தமிழ்ச் சமயத்தவர் ஆகிவிட்டார் என்று ஒரு காவியத்துக்கு அடியெடுத்துவிடக்கூடும். வேண்டாம். இறுதிவரை அவர் நம் முன்னோரைப் புறச்சமயத்தார் என்றே எழுதினார். அவர்களை மாற்றவே முயன்றார். அவர் எழுத்தில் கடுஞ்சொற்களும் உண்டு. அவற்றை மூடி மறைத்துப் போற்றுவது ஆய்வறம் ஆகாது. ஆனால் நம்பிக்கையின் தன்மை மாறியது. தாய்நாட்டில் நூல்வழியாகக் கற்ற நம்பிக்கை, இங்கே எதிர்வாதத்துக்கு முன் நின்று மறுமொழி சொல்ல வேண்டிய நம்பிக்கையாயிற்று.

ஏனெனில் நம் முன்னோர் வாளா இருக்கவில்லை. அவர் கேள்விகள் எழுதி அனுப்ப, தமிழர் எழுதிய மறுமொழிக் கடிதங்கள் தொண்ணூற்றொன்பது பின்னர் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாயின. அவற்றிலும் அவர் நடத்திய உரையாடல்களிலும் கேட்கும் குரல் கூர்மையானது. நீங்கள் சொல்லும் நெறி நல்லதாகவே இருக்கட்டும். உங்கள் கிறித்தவர் குடிக்கிறார்களே, தூய்மை பேணாதிருக்கிறார்களே, எங்களை இழிவாக நடத்துகிறார்களே என்று கேட்டனர். இதற்கு வாதத்தால் விடை சொல்ல முடியாது. வாழ்க்கையால்தான் சொல்ல முடியும்.

அந்த விடையைச் சொல்லும் வாய்ப்பு முன்னரே, 1708இன் இறுதியில், வந்திருந்தது. ஒரு கைம்பெண்ணின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவள் பக்கம் நின்று பேசினார். அதனையும் ஒரு காரணமாக்கிக்கொண்டு தளபதி அவரைக் கோட்டையில் சிறை வைத்தார். நான்கு மாதச் சிறை; கோடைக்குமுன் விடுதலை. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் பணியை அவர் தொடங்கியது 1708 அக்டோபரில். அடுத்த மாதமே சிறை. தம் சொந்த மதத்தவரின் சிறையில், தமிழ்ப் பெண் ஒருத்திக்காகப் பேசியமையால் அடைபட்டிருந்த அந்நான்கு மாதங்களிலேதான் அவருடைய அழைப்பு உறுதிப்பட்டது என்பது என் துணிபு. ஹாலேயில் துரத்திய அந்தப் பழைய ஐயம், இதன்பின் அவர் எழுத்தில் எனக்குத் தென்படவில்லை. மொழிபெயர்ப்பு 1711 மார்ச்சில் நிறைவுற்றது.

அச்சு வரலாறு நீங்கள் அறிந்ததே. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. எழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத்தகடுகளை உருக்கி வார்த்ததாக ஒரு செய்தி உண்டு. அது கேட்கச் சுவையானது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் இலத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழிலக்கணம் ஹாலேயில் அச்சேறியது.

நான் சற்று நின்று பேச விரும்புவது அச்சேறிய நூலைப் பற்றியன்று. அச்சேறாத நூலைப் பற்றி. தமிழ்நாட்டுத் தெய்வங்களின் மரபினை விளக்கி 1713இல் ஒரு பெருநூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். சிவன், திருமால் முதலாக ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன் எனச் சிற்றூர்த் தெய்வங்கள் வரை அதில் இடம்பெற்றனர். கோயிற் புராணங்களில் ஏறாத நம் காவல் தெய்வங்களை ஓர் அயலார் இத்துணை விரிவாக, மக்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய முந்தைய நூல் ஒன்றை நான் கண்டதில்லை. பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். பொய்ச்சமயத்தை வேரறுக்கவே இவர்களை அனுப்பினோம். அதனை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது அவர் கருத்து.

தம்மை உருவாக்கிய ஆசானே தம் உழைப்பை ஏற்கவில்லை. அனுப்பியவர்களின் நோக்கம் ஒன்றாகவும், வந்த இடத்தில் அவர் கண்ட நோக்கம் வேறாகவும் பிரிந்துவிட்ட இடம் இது. கையெழுத்துப் படியாகவே உறங்கிய அந்நூல் 154 ஆண்டுகள் கழித்து 1867இல் சென்னையில் வில்ஹெல்ம் ஜெர்மானின் முயற்சியால் வெளிவந்தது. 1711இல் எழுதிய மற்றொரு நூலுக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு: 1926இல்தான் ஆம்ஸ்டர்டாமில் கலாந்து அதனைப் பதிப்பித்தார். நம் கையெழுத்துப் படிகளைப் பதிப்பாளர் ஆறு திங்கள் வைத்திருந்தால் நாம் படும் பாடு இங்குள்ள கவிஞர்கள் அறியாததன்று.

அவர் தம் வேலையை நிறுத்தவில்லை. ஆணையிட்டவரின் அளவுகோலுக்கு அப்பால் தமக்கென ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டவர்க்கே அது இயலும். சமயநம்பிக்கை என்று நான் இங்குக் கருதுவதும் அதனையே. அவர் மதத்தை ஏற்றோர்க்கு அது வேறு பொருள்படலாம்; நான் தமிழ் படிப்பிப்பவள், எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன்.

1714இல் ஐரோப்பா சென்று, 1716இல் மரிய தொரதேயாவை மணந்து, அவரோடு திரும்பினார். புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பி 1718இல் திறந்தார். கோபன்ஹேகனில் பணியை மேற்பார்த்த நிருவாகத்தினர் இவற்றையெல்லாம் ஏற்கவில்லை. பள்ளியும் கோயிலும் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் அமர்வது எதற்கு, ஊர் ஊராகச் சென்று போதிக்க வேண்டாவா என்று கடிந்து எழுதினர். பள்ளிக்கூடத்தில் அமர்ந்து தொடங்கிய ஒருவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? ஏற்கெனவே நலிந்திருந்த உடல் அதன்பின் தேறவில்லை. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். தாம் எழுப்பிய ஆலயத்திலேயே பீடத்திற்கு முன்னே அடக்கம் செய்யப்பட்டார்.

அப்போது அவர் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். ரூத் என்னும் நூல்வரை முடித்திருந்தார். கணவனை இழந்தபின், பிறந்த நாட்டுக்குத் திரும்பாமல், மாமியாரோடு அயல்நாட்டுக்கு நடந்து சென்று, அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்கிப் பிழைத்து, அந்நாட்டு மக்களுள் ஒருத்தியாகிவிட்ட பெண்ணின் கதை அது. எஞ்சிய பகுதியைப் பின்வந்த பெஞ்சமின் சூல்ச் தொடர்ந்து மொழிபெயர்த்து நிறைவுசெய்தார்.