பழைய ஆட்டமும் வீட்டுக் கணினியும்

1978 ஆம் ஆண்டிலே யப்பானியரான டொமோஹிரோ நிஷிகாடோ என்பார் “ஸ்பேஸ் இன்வேடர்ஸ்” என்னும் விளையாட்டினை ஆக்கினார். வேற்றுலகப் படையினர் அணி அணியாக இறங்கிவர, ஆடுவோன் கீழிருந்து அவர்களைச் சுட்டு வீழ்த்துவான். படை குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து பாய்வர். அக்காலச் செயலி ஒரு கணத்தில் ஓருருவத்தை மாத்திரமே நகர்த்தியது. உருவங்கள் குறைந்தபோது முறை விரைவில் வந்தது. யந்திரத்தின் இயலாமையே ஆட்டத்தின் சுவையாயிற்று.

இத்தகைய ஆட்டங்களை வீட்டிலே மீண்டும் ஆட விரும்புவோர் கணினி வாங்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. பழைய யந்திரம் போலக் கணினியை நடிக்கச் செய்யும் செய்நிரலுக்கு எமுலேட்டர் என்று பெயர். 1997 இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடக்கிய “மேம்” அவற்றுட் புகழ் வாய்ந்தது. அது பழைய மந்தத்தையும் அப்படியே நடித்துக் காட்டும். உரிய வேகம் கிட்டியபின் மேலும் வலிய கணினியால் ஆட்டம் சிறப்பதில்லை. விற்பனையாளர் இதனைச் சொல்லார்.

ஆதலின் முதற்கேள்வி, எந்த ஆட்டம் என்பதே. 1980 இல் வந்த “பக்மான்” ஆட்டத்தின் செயலி ஏறத்தாழ 3 மெகாஹேர்ட்ஸ் வேகமுடையது. அதற்கு உள்ளங்கையளவான ரஸ்பெரி பை பலகையே போதும். 1990களின் பிற்பகுதியில் வந்த முப்பரிமாண ஆட்டங்களோ வேறு. அவற்றுக்கு வலிய செயலி வேண்டும். அங்கும் மேம் பெரும்பாலும் ஒரு கருவின் வேகத்தையே நம்பியிருப்பது. பல கருக்களுக்கும் விலையுயர்ந்த வரைகலை அட்டைக்கும் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

அப்பணம் கைப்பிடிக்கும் திரைக்கும் செல்லட்டும். பக்மான் நான்கு திசைகளை மட்டுமே அறியும். எட்டுத்திசைக் கைப்பிடியால் ஆடுவோன் மூலையிலே திரும்ப முயலும்போது, கை சற்றே சரிந்தாலும் திருப்பம் தவறிப் பேயிடம் அகப்படுவான். குற்றம் தன்மேல் என்றும் எண்ணுவான், பாவம்! நான்கு திசைக்கு மாற்றக்கூடிய தடுப்புத்தகடுள்ள கைப்பிடியைக் கேட்டு வாங்குதல் வேண்டும். ஒரு செக்கனில் 60 படங்கள் ஓடும் ஆட்டத்தில் ஒரு படம் ஏறத்தாழ 17 மில்லிசெக்கன். இக்காலத் தொலைக்காட்சி படத்தை மெருகூட்டுவதிலே பல படங்களின் நேரத்தை விழுங்கிவிடும். விளையாட்டுக்கான அமைப்பு அதில் உண்டா எனக் கேட்டறிக.

மூலையிற் கிடக்கும் பழைய கண்ணாடிக்குழாய்த் தொலைக்காட்சியை எறிந்துவிட வேண்டாம். அக்காலப் படங்கள் அதற்கென்றே வரையப்பட்டவை. ரஸ்பெரி பையின் 4 ஆம் வகையில் அதற்குப் படம் அனுப்பும் துவாரம் உண்டு; 5 ஆம் வகையில் அதனை நீக்கிவிட்டனர். புதியது எப்போதும் மேலானதன்று.

இம்முயற்சி பொழுதுபோக்கு மாத்திரமன்று. கப்கொம் நிறுவனத்தின் சில பலகைகளில், மின்கலம் தீர்ந்ததும் மறைகுறியின் திறவு அழிந்து ஆட்டமே மடிந்துவிடும். பிரதியெடுத்தோர் இல்லையேல் அவை மீளா. எனினும் பெரும்பாலான ஆட்டங்கள் இன்றும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. “ரொபி ரோட்டோ” போன்ற சிலவற்றை மட்டும், வணிக நோக்கின்றி ஆட, உரிமையாளர் அனுமதித்துள்ளனர். மேம் ஆக்குவோர் அவற்றை இலவசமாகவே தருகின்றனர். ஒன்றும் வாங்காமல், வீட்டிலுள்ள கணினியில் அதனை ஒருநாள் ஆடிப் பார்த்தால், குறை செயலியிலா கைப்பிடியிலா என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.