விளையாட்டும் வைத்தியமா?

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை)



இன்று காலை பிள்ளைகள் சிகிச்சைப் பிரிவை நீங்கள் சுற்றிப் பார்த்தீர்கள். டிவிக்கு முன்னால் ஒரு பையன் நின்று கையை வீசிப் பந்து அடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு உங்களில் ஒரு பெரியவர் எங்களிடம், "ஐயா, வீட்டிலே பேரப்பிள்ளைகளிடமிருந்து இந்த வீடியோ கேமைப் பிடுங்கி வைக்கத்தான் நாங்கள் பாடுபடுகிறோம். இங்கே ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கொடுக்கிறீர்களே, காணிக்கைப் பணம் இதற்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொடுக்கிறவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. இன்றைய பேச்சை அதற்கு மறுமொழியாகவே வைத்துக்கொள்வோம்.

முதலாவது, இந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது என்ன? செரிப்ரல் பால்சி என்று டாக்டர்கள் சொல்வதை நாம் மூளை முடக்குவாதம் என்கிறோம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பு இது. மாதம் நிறையாமல் பிறத்தல், பிறக்கையில் மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. காரணமே தெரியாத பிள்ளைகளும் உண்டு. தாய் செய்த பாவமும் அல்ல, தகப்பன் வீட்டுச் சாபமும் அல்ல. இதைச் சொல்லித் தேற்ற வேண்டிய ஒரு தாயை நாங்கள் ஏறக்குறைய வாரந்தோறும் சந்திக்கிறோம்.

லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற அறுவை மருத்துவர் 1861-இல் இந்தப் பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் கூட்டத்தில் விரிவாகப் பேசினார். அவரும் சிறு வயதில் கால் ஊனமடைந்தவரே. வெகுகாலம் இதற்கு லிட்டில் வியாதி என்றே பெயர் வழங்கியது. நம் தேசத்தில் ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய மூவருக்கு இது இருப்பதாக, இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மூளையில் ஏற்பட்ட காயம் கூடுவதில்லை. ஆனால் பிள்ளை வளருகிறது. எலும்பு நீளுகிறது, இறுகிய தசை அதற்கு ஈடுகொடுப்பதில்லை. குதிகால் தரையில் படாமல் போகிறது, முழங்கால் மடங்கியே நிற்கிறது, இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. ஆஸ்திரேலியாவில் இயோனா நோவாக் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். இந்த நிலையிலுள்ளவர்களில் நான்கில் மூவருக்கு வலி உண்டு, மூன்றில் ஒருவர் நடப்பதில்லை, நான்கில் ஒருவருக்கு வலிப்பு உண்டு என்று அதில் கண்டார்கள். காலமும் காத்திருப்பதில்லை. உட்காருதல், நிற்றல், நடத்தல் போன்ற அசைவுகளில் பிள்ளைகள் தங்களால் எட்டக்கூடியதில் பத்தில் ஒன்பது பங்கை ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள் என்று கனடாவில் பீட்டர் ரோசன்பாம் குழுவினர் 2002-இல் வெளியிட்டார்கள். ஆகையால் தாமதமாகிற ஒவ்வொரு வருஷமும் நஷ்டமே.

இரண்டாவது, இதற்கு வைத்தியம் என்ன? காயத்தை ஆற்றும் மாத்திரை இல்லை. பயிற்சியே பிரதானம். முன்பெல்லாம் பிள்ளையைப் படுக்க வைத்துப் பெரியவர்கள் கை காலை நீட்டி மடக்குவதே சிகிச்சையில் பெரும்பங்காக இருந்தது. பிள்ளை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு காரியத்துக்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவே அதைவிட அதிகப் பலன் தருகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆர்மோனியம் படிக்கிற பையனின் விரலை வாத்தியார் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தால் அவனுக்குப் பாட்டு வருமா? அவனே வாசிக்க வேண்டும், நூறு தரம் வாசிக்க வேண்டும்.

கஷ்டம் இங்கேதான். ஆறு வயதுப் பிள்ளையிடம் "கையைத் தூக்கு" என்று நூறு தரம் சொல்லிப் பாருங்கள். பத்தாவது தரம் அழும். இருபதாவது தரம் பிசியோதெரபிஸ்டைக் கண்டாலே தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். தாயோ இரண்டு பஸ் மாறி, வளர்ந்த பிள்ளையை இடுப்பில் சுமந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவள். பிள்ளை அழுவதைப் பார்க்க அவளுக்கும் மனமில்லை. சில மாதங்களில் வருவது நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே பிள்ளை இறுகிப்போன காலோடு திரும்பி வரும்போது, அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசவேண்டி வருகிறது.

இந்த இடத்தில்தான் விளையாட்டுப் பெட்டி உள்ளே வருகிறது. ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 2006-இல் 'வீ' என்ற பெட்டியை வெளியிட்டது. பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழைய விளையாட்டுகளைப் போல் அல்லாமல், இதில் கையிலுள்ள கருவியை வீசினால் திரையிலும் மட்டை வீசும். அடுத்த வருஷம் அதனோடு ஒரு பலகையும் வந்தது. அதன் நான்கு மூலைகளிலும் எடை உணரும் கருவிகள் உண்டு. ஒரு பக்கம் பலவீனமான பிள்ளை எப்போதும் நல்ல காலிலேயே பாரத்தைப் போட்டு நிற்கும். "மற்றக் காலையும் ஊன்று" என்று எத்தனை தரம் சொன்னாலும் அதற்கு விளங்காது. பலகையில் ஏறி நின்றால் எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்பது திரையில் உடனே தெரிந்துவிடும். பிறகு 2010-இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் 'கினெக்ட்' வந்தது. அதில் கையில் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. எதிரே நிற்கிறவரின் உடல் அசைவைக் காமிராவே கண்டுகொள்ளும். விரல் மடங்காத பிள்ளைக்கு இது பெரிய உதவி.

அமெரிக்காவில் ஜூடித் டாய்ச் என்ற பிசியோதெரபிப் பேராசிரியையும் அவருடன் பணியாற்றியவர்களும், மூளை முடக்குவாதமுள்ள பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த வீ பெட்டியைக் கொண்டு பதினொரு முறை பயிற்சி கொடுத்து, அதன் விவரத்தை 2008-இல் வெளியிட்டார்கள். உடலை நிலையாக வைத்துக்கொள்வதிலும் நடமாட்டத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. ஒரே பிள்ளையின் கதைதான். அதை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் கடையில் விற்கிற பெட்டியே சிகிச்சை அறையில் உதவும் என்பதற்கு அது நல்ல தொடக்கம். அதற்குப் பின் பல தேசங்களில் ஆய்வுகள் நடந்தன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். வழக்கமான பிசியோதெரபியோடு விளையாட்டையும் சேர்க்கும்போது உடல் சமநிலையில் ஓரளவு முன்னேற்றம் காண்பதாக அவற்றில் பல சொல்லுகின்றன. நாங்களும் அதற்கு மேல் உங்களுக்கு வாக்குக் கொடுப்பதில்லை.

இனி இதன் எல்லைகளையும் சொல்லவேண்டும். இந்தப் பெட்டிகள் நல்ல உடலுள்ள பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டவை. வேகம் அதிகம், தோற்றால் கேலிச் சத்தமும் எழுப்பும். ஏமாற்றவும் வழி உண்டு. முழுக் கையையும் வீச வேண்டிய இடத்தில் மணிக்கட்டை மட்டும் ஆட்டினாலும் வீ பெட்டி பந்தை அடித்துக் கொடுத்துவிடும். பிள்ளை நல்ல கையை நைசாக நுழைத்துவிடும். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று தோளையும் இடுப்பையும் கவனிக்காவிட்டால் அது வெறும் விளையாட்டுத்தான். வலிப்புள்ள சில பிள்ளைகளுக்கு மின்னி மறையும் திரை ஆகாது. ஆகையால் டாக்டரைக் கேளாமல் யாரையும் திரைக்கு முன் நிறுத்துவதில்லை. தலை நிற்காத, கையும் காலும் மிகவும் இறுகிய பிள்ளைகளுக்கு இதனால் பயன் குறைவு. அவர்களுக்கு முதலில் வேண்டியது சரியான நாற்காலியும் வலி நீங்கலுமே.

செலவையும் கேட்டீர்கள். வீ, கினெக்ட் இரண்டுமே இப்போது தயாரிப்பில் இல்லை. நம் ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரு குடும்பத்தார் தங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டபடியால் கொண்டுவந்து கொடுத்த பழைய பெட்டி. நீங்கள் கொடுத்த காணிக்கை, பக்கத்தில் நிற்கிற பிசியோதெரபிஸ்டின் சம்பளத்துக்கும் தாய்மாரின் பஸ் செலவுக்கும் போகிறது. செலவு போக வேண்டிய இடமும் அதுவே.

விளையாட்டுப் பொருளைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்வது மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதல்ல. வேலூரில் 1950-களில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நேராக்கினபின், அந்த நோயாளிகளை நவஜீவ நிலையத்தில் வைத்து மரப் பொம்மைகள் செய்யப் பழக்கினார். நேராக்கின கைக்கு வேலை வேண்டும், வேலைக்கு ஒரு மதிப்பும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அங்கேயே டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவருடைய உழைப்பால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உடைந்த உடலை முன்போல ஆக்க முடியாத இடத்திலும், அந்த உடலைக்கொண்டு வாழக் கற்றுக்கொடுக்கலாம் என்பதே அவர்கள் நமக்கு விட்டுப்போன பாடம்.

எங்களிடம் வருகிற ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லுகிறோம். ஏழு வயது. தாய் பீடி சுற்றுகிறவள். பிள்ளையின் வலப்பக்கம் பலவீனம். வலக்கையை நெஞ்சோடு மடக்கியே வைத்திருப்பாள். "உனக்கு என்ன செய்ய ஆசை?" என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டபோது, "தட்டை நானே தூக்கிக்கொண்டு போக வேண்டும்" என்றாள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு வரிசையில் அவள் தட்டை வேறொரு பிள்ளைதான் சுமந்ததாம். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினால்தான் பந்து பிடிபடும் விளையாட்டு ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். அழவில்லை. "இன்னும் ஒரு ஆட்டம், அக்கா" என்று கெஞ்சினாள்.

வீட்டில் அந்தப் பெட்டி இல்லையே, என்ன செய்வது? தாய்க்குப் பல்லாங்குழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். வலக்கையால்தான் புளியங்கொட்டையை அள்ளவேண்டும் என்பது சட்டம். தம்பியோடு பலூனை இரண்டு கையாலும் தட்டி விளையாடுவது இன்னொன்று. நான்கு மாதம் தவறாமல் வந்தாள். அவள் கை மற்றப் பிள்ளைகளின் கையைப்போல ஆகிவிடவில்லை. அப்படி ஆகும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. ஆனால் இப்போது தன் தட்டைத் தானே தூக்கிப் போகிறாள். சாம்பார் சில நாள் சிந்துகிறதாம். சிந்தட்டும்.

முன்பு சொன்ன ரோசன்பாமும், கோர்ட்டர் என்ற மற்றொரு டாக்டரும் சில வருஷங்களுக்குப் பின் ஒரு கட்டுரையில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக நாம் கவனிக்க வேண்டியவை ஆறு என்றார்கள்: செயல், குடும்பம், உடல் வலிமை, மகிழ்ச்சி, நண்பர்கள், எதிர்காலம். ஆஸ்பத்திரியால் முதல் மூன்றுக்கு ஓரளவு உதவ முடியும். நண்பர்களை நாங்கள் பார்மசியிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் நடந்த அந்தப் பயிற்சியிலும், பதினொரு முறைகளில் இரண்டில் வேறு ஆட்களையும் சேர்த்தே ஆடவைத்தார்கள். துணையோடு ஆடுவதுதானே விளையாட்டு!

சகரியா தீர்க்கதரிசி மீட்கப்பட்ட எருசலேமைக் காட்டும்போது, கோலூன்றிய முதியோரையும் விளையாடும் பிள்ளைகளையும் ஒரே தெருவில் வைத்துக் காட்டுகிறார். கோலும் விளையாட்டும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. இங்கே கோலூன்றுகிறதும் விளையாட விரும்புகிறதும் ஒரே பிள்ளை.

உங்கள் சபையிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். கடைசி வரிசையில் தாயின் மடியில் இருக்கும். பாட்டு முடியுமுன்னே தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். அடுத்த ஞாயிறு அவளை முன்னால் அழைத்து உட்கார வையுங்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்மாரே, பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியில் அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் வையுங்கள். ஓட முடியாவிட்டால் பந்து உருட்டட்டும். உருட்ட முடியாவிட்டால் விசில் ஊதித் தொடங்கி வைக்கட்டும். ஐந்து வயதுக்குள்ளே இருந்தால், தள்ளிப்போடாமல் எங்களிடம் அழைத்து வாருங்கள்.

கர்த்தர் உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.