டீசல் டேங்கைத் தாங்கும் பட்டை



நாமக்கல்லில் இருந்து மும்பைக்கு ஒரு லாரி போகிறது. கோலாப்பூர் தாண்டி ஒரு தாபாவில் வண்டி நிற்கிறது. டிரைவர் முகம் கழுவப் போகிறார். கிளீனர் டயர்களைத் தட்டிப் பார்க்கிறார். பிறகு டீசல் டேங்கின் அடியில் கையை விட்டுப் பார்க்கிறார்.

"அண்ணே, டேங்க் பட்டை ஆடுது!"

"அது எப்பவும் அப்படித்தான். வா தம்பி, சாப்பிடலாம்."

டிரைவர் சொன்னது சரியா?

கணக்குப் போடுங்கள். 1 லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம் எடை. 300 லிட்டர் டேங்க் நிரம்பினால் சுமார் 250 கிலோ. அதாவது ஐந்து சிமெண்ட் மூட்டை! இந்த எடை சேஸின் பக்கவாட்டில் நிற்கிறது. கீழே தாங்குவது பிராக்கெட். சுற்றிப் பிடிப்பது பட்டை. சிலர் இதைக் கிளாம்ப் என்பார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கும் போதெல்லாம் இந்த எடை பட்டையை உதறி இழுக்கிறது.

பட்டை அறுந்தால் டேங்க் சாயும். டீசல் குழாய் பிய்யும். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 27,000 ரூபாய் ரோட்டில் ஓடும். பணம் போகட்டும். பின்னால் பைக்கில் வருகிறவர் அந்த டீசலில் வழுக்கி விழுந்தால்?

பட்டை ஒரே நாளில் அறுவதில்லை. பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே ரப்பர் இருக்கும். நாளாக ஆக அது காய்ந்து வெடிக்கும். அந்த இடுக்கில் சேறும் தண்ணீரும் தங்கும். துரு உள்ளே பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்! ரப்பர் விழுந்துவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி டேங்க் தேயும். அலுமினிய டேங்க் என்றால் அரிப்பும் சேரும். நட்டைச் சுற்றிச் சிவப்புத் தூள் தெரிகிறதா? உரசிய இடம் மின்னுகிறதா? உடனே கவனியுங்கள்.

அந்த டிரைவரும் சாப்பிட்டபின் குனிந்து பார்த்தார். சிவப்புத் தூள் தெரிந்தது. பேசாமல் வண்டியைப் பக்கத்துப் பட்டறைக்கு விட்டார்.

பழைய பட்டையை அளவுக்குக் கழற்றிக் கொண்டு கிளீனர் கடைக்குப் போனார். உருண்டை டேங்க் பட்டை சதுர டேங்குக்குப் பொருந்தாது. அகலமும் கனமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஒன்று கெட்டாலும் இரண்டு பட்டையையும் மாற்றுவது நல்லது. ரப்பர், நட்டு, போல்ட்டு எல்லாம் புதிது போட வேண்டும்.

கடைக்காரர் பிராக்கெட் போல்ட்டை எடுத்து வைத்தார். கிளீனர் அதன் தலையைத் திருப்பிப் பார்த்தார். 4.6 என்று இருந்தது. பழைய போல்ட்டில் 8.8. அதே அளவில் 8.8 போல்ட்டு சுமார் இரண்டு மடங்கு இழுவை தாங்கும்.

"சப் ஏக் ஹி ஹை" என்றார் கடைக்காரர். எல்லாம் ஒன்றுதானாம்! கிளீனர் இரண்டு தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கடைப் பலகையில் இருந்த மராத்தி அவருக்குப் படிக்கத் தெரியாது. எண் படிக்கத் தெரியும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே 8.8 எடுத்துக் கொடுத்தார்.

பட்டறையில் டீசலைக் கேனில் இறக்கியிருந்தார்கள். டேங்கின் அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்திருந்தார்கள். அப்படித் தாங்கல் கொடுக்காமல் பட்டையைக் கழற்றவே கூடாது. கையோ காலோ நசுங்கிவிடும்.

பிராக்கெட்டில் ஒரு கீறல் தெரிந்தது. "டேங்க் காலிதானே, வெல்டிங் வச்சிடலாமா?" என்று டிரைவர் கேட்டார். மேஸ்திரி மறுத்துவிட்டார். காலி டேங்கில் டீசல் ஆவி இருக்கும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். புது பிராக்கெட்தான் போட்டார்கள்.

நட்டை முறுக்குவதிலும் அளவு உண்டு. பலம் இருக்கிறது என்று முறுக்கினால் டேங்க் நசுங்கும், மரை போய்விடும். வண்டிக் கம்பெனி புத்தகத்தில் அளவு போட்டிருக்கும். அதன்படி டார்க் ஸ்பானரால் முறுக்க வேண்டும். புது ரப்பர் ஓட்டத்தில் அமுங்கும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

மும்பையில் சரக்கை இறக்கியதும் கிளீனர் ஸ்பானரோடு குனிந்தார். ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது.

"என்ன தம்பி?" என்று டிரைவர் கேட்டார். அவரும் பக்கத்தில் வந்து குனிந்தார்.