அயல்நாட்டுச் சுகாதாரக் கொள்கைகளும் எமது கிராம வைத்தியசாலையும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டையொட்டி அக்கராயனில் நடைபெற்ற ஒன்றுகூடலில், சுகாதார சேவையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

2022ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாட்டுக்குப் பின், சுகாதார சேவையைச் சீர்திருத்த வேண்டும் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. பிற நாடுகளிடமிருந்து எதைக் கற்கலாம், எதை விடலாம் என்பதை இந்த ஊர் மக்களின் நிலையில் நின்று பேச விரும்புகிறோம்.

அயலாரிடம் கற்பது எமக்குப் புதிதல்ல. எமது சங்கம் பிறந்த அதே 1926இல், அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு பிரதேசத்தை வகுத்து, அங்குள்ளோரின் நலனுக்கு ஒரு வைத்திய அதிகாரியையும் பரிசோதகர்களையும் மருத்துவிச்சிகளையும் பொறுப்பாக்கிய திட்டம் அது. யோசனை வெளியிலிருந்து வந்தது. அதை வீட்டுப் படலை வரை கொண்டுபோனவர்கள் எமது மருத்துவிச்சிகள். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000 அளவில் இருந்த தாய்மார் மரணம், அண்மைய ஆண்டுகளில் பெரும்பாலும் 40க்கும் கீழ் வந்துவிட்டது. 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணம் நீக்கப்பட்டதும், பெண்கள் படித்ததும் அதற்குத் துணைநின்றன.

அண்மைய உதாரணம் 1990 சுவசெரிய. இந்தியாவில் 2005இல் ஐதராபாத்தில் தொடங்கிய 108 சேவையைப் பின்பற்றி, இந்திய உதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 அம்புலன்ஸ்களுடன் இது ஆரம்பமானது. 2018இல் வடக்கிற்கும் வந்தது. பணமின்றி ஓர் அழைப்பில் வண்டி வரும் என்பது, வயலில் பாம்பு தீண்டியவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! அதே ஆண்டில் தனிச்சட்டம் இயற்றி அதை எமது நாட்டு நிறுவனமாக்கியதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உதவி முடியும் நாளில் சேவையும் முடிந்துவிடக் கூடாதல்லவா?

தாய்லாந்து 2002இல் சகலருக்கும் சிகிச்சை என்பதைச் சட்டமாக்கியது. '30 பாட் திட்டம்' என்று உலகம் அதைப் புகழ்கிறது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1980களின் முற்பகுதியில், நகர வைத்தியசாலைகளின் புதிய முதலீட்டை நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை மாவட்ட வைத்தியசாலைகளுக்கும் கிராம நிலையங்களுக்கும் அவர்கள் திருப்பியிருந்தார்கள். புதிய வைத்தியர்கள் கிராமத்தில் கட்டாயம் பணிபுரியவும் வைத்தார்கள். கட்டடமும் ஆளும் முதலில், அறிவிப்பு பிறகு.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 1994இல் அமைந்த மருத்துவ சேவைக் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் களஞ்சியங்களில் வைக்கிறது. ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அதிலுள்ள தொகைக்குள் தமக்கு வேண்டிய மருந்தை அவர்களே கேட்டு எடுக்கலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிறஷர், நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது.

இனி எமது ஊருக்கு வருவோம். 2008இல் இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் இழந்து, திரும்பிவந்து கட்டியெழுப்பிய ஊர் இது. இங்கே கூலி வேலை செய்யும் ஒரு அம்மா, மாதாந்த மாத்திரைக்காகக் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். இரண்டு மாதம் போகாமல் விட்டால் பாரிசவாதம் வந்து நிற்கும். சிறிய வைத்தியசாலைகளை அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையுடன் ஒரே கொத்தணியாக இணைக்கும் கொள்கை எமது நாட்டில் ஏற்கனவே உண்டு. இரத்தப் பரிசோதனையும் அதே மருந்தும் இங்கேயே கிடைத்தால்தான் அந்த அம்மா அதை நம்புவார்.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. கிராம வைத்தியசாலைக்கு முதலில் ஆளும் ஆய்வுகூட வசதியும் கொடுங்கள். மருந்துக் கையிருப்பை எல்லோரும் பார்க்கக்கூடியதாக வையுங்கள். வீடு தேடி மருந்து என்ற திட்டம் வருமானால், ஏற்கனவே சுமை தாங்கும் குடும்பநல உத்தியோகத்தரின் தோளில் அதையும் ஏற்றாமல் புதிய நியமனம் வழங்குங்கள். எந்த நாட்டைப் பார்த்து மாற்றினாலும், 1951இல் கிடைத்த இலவச சிகிச்சையை மட்டும் கைவிட வேண்டாம்.

புலம்பெயர்ந்து வாழும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பும் உதவிகளை நன்றியோடு நினைக்கிறோம். ஒரு கருவியை அனுப்புமுன், பழுதானால் இங்கே அதைத் திருத்துவார் யார், அதற்குரிய இரசாயனம் எங்கே வாங்கலாம் என்று எம்மிடம் கேளுங்கள். அங்கே உங்கள் கிளினிக் நோயாளரை எப்படி நினைவூட்டி அழைக்கிறது, வராதவரை எப்படித் தேடுகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்த அறிவுக்கு மின்சாரமும் வேண்டாம், உதிரிப்பாகமும் வேண்டாம்.

படித்ததை ஊருக்குக் கொடுங்கள் என்றே எமது ஆசிரியர்கள் எம்மை அனுப்பினார்கள். அடுத்த நூற்றாண்டிலும் எமது சங்கம் அதைச் செய்யட்டும்.