சிங்கப்பூரில் உண்பதும் சேமிப்பதும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசிய ஆசிரியப் பெருமக்கள் கல்வியின் மேன்மையை எடுத்துரைத்தார்கள். என்னை மட்டும் சோற்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். இதில் எனக்கு வருத்தம் இல்லை. நம் தெருக்களிலிருந்து இவ்வாண்டும் பல பிள்ளைகள் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் செல்லக் காத்திருக்கிறார்கள். அங்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்கிறார்களே அன்றி, அங்கு எப்படி உண்பது, உண்டபின் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்பவரைக் காண்பது அரிது. நான் 2006 முதல் 2017 வரை அந்நகரில் மின்கம்பி வேலை செய்தவன். கேட்காமற் போன அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த விலையை உங்களிடம் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

முதலில் அந்த ஊர் தன் மக்களுக்கு எப்படிச் சோறு போடுகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் சிங்கப்பூரின் வீதியோரங்களில் தள்ளுவண்டிகளும் கூடைக் கடைகளும் நிறைந்திருந்தன. தூய நீர் இல்லை. எச்சில் நீர் சாக்கடையில் ஓடிற்று. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் அரசு அவ்வணிகரைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தபோது சுமார் 18,000 பேர் இருந்தார்கள். அவர்களைத் துரத்திவிட்டு நகரை அழகுபடுத்தியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், 1970களின் தொடக்கம் முதல் குழாய் நீரும் மின்சாரமும் கழிவு நீர்க் கால்வாயும் அமைந்த கட்டடங்களைக் கட்டி, அவர்களை அங்கே குடியமர்த்தினார்கள். 1986 ஆம் ஆண்டளவில் அப்பணி நிறைவுற்றது. இவற்றையே அங்குள்ள தமிழர் உணவங்காடி நிலையங்கள் என்கின்றனர். இன்று இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. 2020 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வங்காடிப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது.

அங்கு உணவு ஏன் மலிவு என்று சிந்தித்துப் பாருங்கள். இடத்தை அரசு கட்டிக் கொடுத்தது. அடுக்குமாடி வீடுகளுக்கு அருகிலேயே அங்காடி அமைந்தது. பரிமாறுவதற்கு ஆள் இல்லை. உண்பவரே தட்டை ஏந்திச் சென்று அமர்கிறார், உண்டபின் அவரே திருப்பி வைக்கிறார். 2021 முதல் தட்டைத் திருப்பி வைக்காமற் போவது தண்டத்திற்குரிய குற்றமாகவும் ஆக்கப்பட்டுள்ளது. ஒரே கூரையின்கீழ்ச் சீனர் சோறும், மலாய்க்காரர் சோறும், நம்மவர் தோசையும் கிடைக்கின்றன. இன்று பெரும்பாலும் 4 வெள்ளி முதல் 6 வெள்ளிக்குள் ஒரு வேளை வயிறார உண்டு எழலாம். அங்குள்ள டாலரைத் தமிழர் வெள்ளி என்றே வழங்குவர்.

அதே ஊரில் குளிரூட்டிய உணவகத்திற்குள் நுழைந்தால் கணக்கு மாறிவிடும். விலைப்பட்டியலில் 20 வெள்ளி என்று இருக்கும். அதன்மேல் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து. ஆக 22 வெள்ளி. அதன்மேல் 2024 முதல் நூற்றுக்கு ஒன்பதாக உள்ள பொருள் சேவை வரி 1 வெள்ளி 98 காசு. கொடுக்கவேண்டியது 23 வெள்ளி 98 காசு. பட்டியலின் விலை வேறு, சீட்டின் விலை வேறு என்பதை அறியாமல் நண்பரை விருந்துக்கு அழைத்தவர் திகைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அங்காடியில் இந்தத் தொல்லை இல்லை. பலகையில் எழுதிய விலையே கொடுக்கும் விலை. குடிநீருக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம். அந்நகரின் குழாய் நீர் அப்படியே பருகத் தக்கது. ஒரு புட்டியைக் கையில் வைத்திருப்பவன் மாதம் பல வெள்ளியை மிச்சப்படுத்துவான்.

இளைஞர்களே! விலையைவிட என் நெஞ்சில் நிலைத்த செய்தி வேறொன்று. முதல் ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் உள்ள தேக்கா அங்காடிக்குச் சென்றேன். இடம் தேடி நின்ற என்னை ஒரு சீன முதியவர் கையசைத்து அழைத்துத் தம் மேசையில் இடங்கொடுத்தார். அவருடைய கோப்பிக் கோப்பையும் என் தேநீர்க் கோப்பையும் ஒரே அளவு, ஒரே நிறம். இரண்டையும் கழுவுகிற தொட்டியும் ஒன்றே. என் தகப்பனார் தம் வாழ்நாளெல்லாம் ஊர்த் தேநீர்க் கடையில் தமக்கென்று தனியே மாட்டி வைத்த குவளையை எடுத்துக் குடித்து, தாமே கழுவி வைத்தவர். உணவு விடுதிக்குள் எவரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்று 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15 ஆம் பிரிவு சொல்கிறது; 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அச்சட்டம் என் தகப்பனாரின் கடைக்கு வந்து சேரவில்லை. அன்று தேக்காவில் அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நான் வெகுநேரம் குடிக்காமலே இருந்தேன்.

எனினும், கடல் கடந்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய்யாகும். அவ்வூர்த் தமிழரிடையே சாதி வேற்றுமை இருந்தமையாலேயே 1932 இல் அங்குத் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று, கோ. சாரங்கபாணி போன்றோர் அதற்காக உழைத்தனர். என் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தங்குவிடுதியில் ஆறு பேர் கூடிச் சமைத்தோம். வாரத்தில் ஆறு நாளும் ஆளுக்கு ஒரு நாள் முறை. எங்களில் ஒருவர் என் முறை வரும் நாளில் மட்டும் வெளியே சாப்பிட்டு வந்தார். முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் ஒருநாள், "தம்பி, நீங்கள் ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்டிருந்தது மூன்று வாரம் கழித்தே என் நினைவுக்கு வந்தது. வெளியே உண்பதற்கு அவருக்கு அன்று 3 வெள்ளி செலவு. சாதிக்காக வாரம் 3 வெள்ளி வரி கட்டினார் அவர். மாதக் கடைசியில் கையில் காசு தீர்ந்த ஒருநாள், வந்து அமைதியாக உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். அவர் சாதியைப் பசி ஒழித்துவிட்டது என்று நான் மகிழவில்லை. சம்பளம் வந்ததும் மறுபடி வெளியே போனார். பசி சாதியை ஒரு வேளைக்கு ஒத்திவைக்கும், அவ்வளவே. அதை ஒழிப்பதற்குக் கல்வியும் சட்டமும் அமைப்பும் வேண்டும்.

இனி, நான் முன்னர்ச் சொன்ன விலைக்கு வருகிறேன். முகவருக்குக் கொடுப்பதற்காக 2 இலட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கிக்கொண்டு போனேன். மாதம் 6,000 ரூபாய் வட்டி. என் நாட்கூலி 18 வெள்ளி. மாதம் 26 நாள் உழைத்தால் 468. மிகைநேர வேலையும் சேர்ந்து ஏறத்தாழ 600 வெள்ளி கிடைக்கும். வட்டிக்கு 210 வெள்ளி போயிற்று. உணவுக்கு 100. தொலைபேசி, சோப்பு முதலியவற்றிற்கு 40. வீட்டுக்கு எஞ்சியது 250. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

அப்போது எனக்கு ஓர் அறியாமை தோன்றிற்று. வயிற்றைச் சுருக்கினால் கடன் சுருங்கும் என்று எண்ணினேன். காலை உணவை நிறுத்தினேன். நாளுக்கு 2 வெள்ளி வீதம் 18 நாளில் 36 வெள்ளி சேர்த்தேன். பத்தொன்பதாம் நாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தேன். நான்கு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. சேர்ந்து இரண்டு மாதமே ஆகியிருந்தமையால் நோய் விடுப்புக்குச் சம்பளமும் இல்லை. இழந்தது 72 வெள்ளி. சேர்த்ததைப் போல் இரு மடங்கு! அன்று மாலை படுக்கையில் கிடந்தபடி கணக்குப் போட்டேன். என்னைத் தின்றது தட்டு அன்று, வட்டி.

நம் இளைஞர் சிலர், பாபாசாகேப் அம்பேத்கர் இலண்டனில் அரைவயிறு உண்டு படிக்கவில்லையா என்று கேட்பார்கள். உண்மைதான். 1920 முதல் 1923 வரை அவர் அங்கு மிகுந்த சிக்கனத்தோடு வாழ்ந்து பொருளியலும் சட்டமும் கற்றார். அவர் பசித்திருந்தது படிப்பிற்காக. நாம் வட்டிக்காரருக்காகப் பசித்திருப்பதற்கு அவரைச் சான்று காட்டுவது முறையன்று. மேல்நாட்டில் படித்துவிட்டு 1917 இல் பரோடா அரசுப் பணிக்குத் திரும்பிய அவருக்கு, அந்நகரில் தங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை என்பதையும் மறவாதீர்கள். நகரத்தில் நமக்கு உறையுளும் சோறும் மானத்தோடு கிடைக்கவேண்டும் என்பது அன்றிலிருந்தே நம் போராட்டத்தின் ஒரு பகுதியாகும்.

ஆகவே, போகவிருக்கும் தம்பிகளுக்குச் சில சொற்கள். நாள்தோறும் மூன்று வேளை உண்ணுங்கள். விடியுமுன் கட்டி வரும் சோற்றுப் பொட்டலம் நண்பகலில் புளித்திருந்தால், அதை உண்டு நோயுறுவதைவிட அங்காடியில் காசு கொடுத்து உண்பது இலாபம். சமையற்கட்டு உள்ள விடுதியானால் கூடிச் சமையுங்கள். முறையையும் செலவையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு செலவையும் அன்றன்றே குறிக்க ஒரு சிறு குறிப்பேடு வைத்திருங்கள். அந்நாட்டுக் குடிமக்களுக்கு 1955 முதல் மத்திய சேமநிதி உண்டு. விலை ஏறும் காலத்தில் அவர்கள் குடும்பங்களுக்கு அரசு பற்றுச்சீட்டும் வழங்குகிறது. வேலை அனுமதியில் செல்லும் நமக்கு அவ்விரண்டும் இல்லை. எனவே சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். அதுவே நம் சேமநிதி. 2016 ஏப்ரல் முதல் சம்பள விவரச் சீட்டு கொடுக்கவேண்டியது அங்கு முதலாளியின் கடமை. அதைக் கேட்டு வாங்குங்கள், படித்துப் பாருங்கள். படிக்கக் கற்றுக் கொடுத்தது இச்சங்கம் அல்லவா?

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் கொடுத்து வந்த இச்சங்கம், வெள்ளி விழாவின் நினைவாக ஒரு கடன் நிதியைத் தொடங்கவேண்டும். வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் செல்லும் பிள்ளைக்கு ஒரு வட்டிக்குக் கடன் கொடுப்போம். 2 இலட்சத்துக்கு மாதம் 6,000 கட்டுகிறவன் 2,000 கட்டினால் போதும். ஆண்டுக்கு 48,000 ரூபாய் அசலில் கழியும். என்னைப்போல் எவனும் காலை உணவை விற்று வட்டி கட்டவேண்டிய நிலை வராது. என் பங்காக முதல் தொகையை இன்றே பொருளாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அங்கிருந்து திரும்பி வந்து நல்ல நிலையில் உள்ள தோழர்கள் இவ்வரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். உங்கள் முகங்களை நான் அறிவேன். உங்கள் கடன்களையும் அறிவேன். நீங்களும் முன்வரவேண்டும்.

நம் பிள்ளைகள் எந்த நகரத்திற்குச் சென்றாலும், பொது மேசையில் தலை நிமிர்ந்து அமர்ந்து, தாம் உழைத்த காசில், கடன்காரனின் நினைவின்றி, ஒரு வேளைச் சோற்றை அமைதியாக உண்ணவேண்டும் என்பதே என் விருப்பம்.