பிள்ளையின் கைக்கேற்ற செம்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மகா சிவராத்திரியன்று திருக்கேதீச்சரத்திலே நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. அடியார்கள் பாலாவியிலே தீர்த்தம் மொண்டு, மகாலிங்கப் பெருமானுக்கு அபிஷேகஞ் செய்யச் செல்கின்றனர். தகப்பன் குடத்தைச் சுமக்கிறான். பின்னே வரும் பிள்ளையின் கையில் சிறு செம்பு. பிள்ளையின் தலையிலே குடத்தை ஏற்றுவாரில்லை. கல்வி என்று வந்ததும் இந்த விவேகம் நம்மை விட்டு எங்கே போய்விடுகின்றது?

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும், திறமையுள்ள பிள்ளைக்கு நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்றோ அது குடும்பத்தின் மானப் பரீட்சையாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளை பாடசாலை விட்டதும் ரியூசன் வகுப்புக்கு ஓடுகிறது. இரவிலே பழைய வினாத்தாள்களோடு உறங்கி விழுகிறது. 200 புள்ளிகளில் வெட்டுப்புள்ளிக்கு ஒன்று குறைந்தாலும் வீடு இழவு வீடாகிறது.

உயர்தரத்துக்குப் போனால் சுமை இரட்டிக்கிறது. 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளியே பல்கலைக்கழக வாயிலைத் திறக்கும் திறவுகோல். மாவட்ட ஒதுக்கீடுள்ள துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் நம் மன்னாரும் ஒன்று. இத்தனை இருந்தும், தகுதி பெற்றோர் பலருக்கு ஆண்டுதோறும் இடமில்லை. இடங்கள் சில, பிள்ளைகள் பலர். இது கணக்கின் முடிவேயன்றிப் பிள்ளையின் குற்றமன்று. இதை நாம் வீட்டிலே சொல்லுகின்றோமா?

பிறரைக் குறைகூறுமுன் நம் குறையைச் சொல்லவேண்டும். சென்ற ஆண்டு நமது பரிசளிப்பு விழாவிலே சித்தியடைந்த பிள்ளைகளுக்கு மாலையிட்டு மகிழ்ந்தோம். சித்தியெய்தாத சிறுவன் ஒருவன் உள்ளே வராமல் வாசற்படியிலே நின்றான். அவனை உள்ளே அழைக்க நம்முள் ஒருவருக்கேனும் தோன்றவில்லை. அந்த வாசற்படி இன்றும் நம் மனத்தை உறுத்துகின்றது.

மயிலிறகேயாயினும் அளவுமிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். கல்வி மயிலிறகைப் போன்றதுதான். ஆனால் அச்சு இளம்பிள்ளை.

படிக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோம்பலுக்கு இங்கே இடமில்லை. பட்டினத்து வகுப்புக்கு வர வசதியற்ற தலைமன்னார்ப் பிள்ளையும் முருங்கன் பிள்ளையும் முன்னேறவேண்டும் என்பதே நம் ஆசை. ஆதலின் மூன்று காரியங்களை இவ்வாண்டு செய்வோம். உயர்தரம் கற்ற அண்ணன்மாரும் அக்காமாரும் வாரத்தில் இரண்டு மாலைகள் கிராமந்தோறும் சென்று இலவசமாகக் கற்பிப்போம். ஞாயிறு காலையைக் கோயிலுக்கும் விளையாட்டுக்கும் விட்டுவைக்கும்படி பெற்றோரை வேண்டுவோம். பரிசளிப்பு விழாவுக்குப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் அனைவரையும் பெயர் சொல்லி அழைப்போம்.

பெற்றோர்களே, பிள்ளை பரீட்சை மண்டபத்திலிருந்து வந்ததும் எத்தனை புள்ளி வரும் என்று கேட்குமுன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இளைஞர்களே, வாசற்படியிலே நிற்கும் தம்பியைக் கைப்பிடித்து உள்ளே கொண்டுவாருங்கள்.

செம்பு நீரானாலும் குட நீரானாலும் பெருமான் ஏற்றுக்கொள்கிறார். நாமும் அவ்வாறே ஏற்றுக்கொள்வோமாக.